ராணுவ அதிகாரியாகப் போகும் மகனுக்கு விழாச் சீருடை: டெல்லியில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

கேள்வியில் நீங்கள் சொன்னது இது: மகன் சென்னை ஓ.டி.ஏ.வில் (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) கடைசி டேர்மில் இருக்கிறார், ஷார்ட் சர்வீஸில் (குறிப்பிட்ட வருடங்களுக்கு மட்டுமான அதிகாரிப் பணி) லெப்டினன்ட் ஆகப் போகிறார். படைப்பிரிவு தெரிந்துவிட்டது, எந்த யூனிட் என்பது இன்னும் வரவில்லை. நீங்கள் ஆர்.கே. புரத்தில் இருக்கிறீர்கள். கன்டோன்மென்ட் கோபிநாத் பஜாரில் ஒரு கடைக்காரர் கோட்டிலிருந்து வாள் வரை முழு செட்டாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். எடுக்கலாமா?

செட்டாக எடுக்காதீர்கள். பாதி பொருள் இரண்டு வருடத்துக்குள் பெட்டிக்குப் போய்விடும், கால்வாசி யூனிட்டில் செல்லவே செல்லாது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். பதவி உயர்ந்தால் இது மாறுமா? யூனிட் தெரியாமல் இதை வாங்க முடியுமா? உடம்பு கொஞ்சம் பெருத்தால் பிரித்துத் தைக்க முடியுமா? இதில் தேறுகிற பொருளுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாம். மற்றதற்கு இப்போது ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் மகனிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். பாஸிங் அவுட்டுக்கு, அதாவது பயிற்சி நிறைவு அணிவகுப்புக்கு, முன்பே அகாடமி டெய்லர்கள் அளவெடுத்துச் சில சீருடைகளைத் தைத்துத் தருவது வழக்கம், அதற்கான பணமும் அங்கேயே பிடிக்கப்பட்டுவிடும். அந்தப் பட்டியல் கையில் இல்லாமல் போனால் இருக்கிற கோட்டையே இரண்டாவது தடவை வாங்கி வருவீர்கள்.

பண விஷயமும் தெரிந்திருக்கட்டும். ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு பழைய தனித்தனிப் படிகளை எல்லாம் சேர்த்து அதிகாரிகளுக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய் உடைப்படி என்று 2017இல் நிர்ணயித்தார்கள். அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும் ஒவ்வொரு தடவையும் இது 25 சதவீதம் கூடும். வருடா வருடம் வருகிற பணம் என்பதால் எல்லாவற்றையும் முதல் மாதமே வாங்கிக் குவிக்க அவசியமே இல்லை.

இனி பொருள்களுக்கு வருவோம்.

அதிகம் செலவு செய்ய வேண்டியது எஸ்.டி. கோட், அதாவது டை கட்டி அணியும் ஆலிவ் பச்சை சர்வீஸ் டிரெஸ். அகாடமியில் தைத்தது நன்றாக இருந்தால் அதுவே போதும், இரண்டாவது வேண்டாம். புதிதாகத் தைப்பதென்றால் முதலில் துணி. கடையில் பெரும்பாலும் இரண்டு வகை காட்டுவார்கள்: கம்பளி அதிகம் உள்ளது, பாலியெஸ்டர் அதிகம் உள்ள டெரிவூல். டெரிவூல் மலிவு, கசங்காது. ஆனால் பெல்ட் உரசும் இடுப்பு, முழங்கை, இஸ்திரிப் பெட்டி அழுந்தும் மடிப்பு எல்லாம் சில வருடத்தில் பளபளத்துவிடும், அந்தப் பளபளப்பு பிறகு போகவே போகாது. கம்பளி என்று கடைக்காரர் சொன்னால் ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகி கறுப்பு மணியாக இறுகிக்கொள்ளும். கலவையில் இரண்டும் தெரியும், எது மிகுதி என்பதும் புரியும்.

58 அங்குல அகலத் துணியில் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் சேர்த்து மூன்றிலிருந்து மூன்றேகால் மீட்டர் போதும். ஆள் ஆறடிக்கு மேல் என்றால் மூன்றரை. கோட்டையும் பேன்ட்டையும் ஒரே தானிலிருந்து வெட்டச் சொல்லுங்கள். ஆலிவ் பச்சை என்பது ஒவ்வொரு சாயத் தொட்டிக்கும் ஒரு நிழல் மாறும். டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிவது அணிவகுப்பு மைதான வெயிலில் இரண்டாகத் தெரியும். துணியைக் கடை வாசலுக்கு எடுத்து வந்து பாருங்கள்.

அடுத்தது தையலில் உள்ளே இருக்கும் சமாச்சாரம். கோட்டின் மார்பு விறைப்பாக நிற்க உள்ளே ஒரு அடுக்கு வைப்பார்கள். பசையில் ஒட்டும் ஃப்யூசிங் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். நாலைந்து ட்ரை கிளீனிங்கில் பசை விட்டுப்போய் மார்பில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதைச் சரிசெய்ய வழி கிடையாது. கேன்வாஸ் வைத்துக் கையால் தைத்தது பல வருடம் உழைக்கும். தைத்து வைத்த மாதிரிக் கோட் ஒன்றை எடுத்து, கடைசி பட்டனுக்கு மேலே முன்பக்கத் துணியையும் உட்பக்கத் துணியையும் இரண்டு கைகளாலும் கிள்ளி விலக்கிப் பாருங்கள். நடுவில் மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியாக நழுவினால் கேன்வாஸ். இரண்டே அடுக்காகத் தடித்து இருந்தால் ஒட்டியது.

டெய்லரிடம் எழுதி வாங்க வேண்டியது உள்தையல் அளவு. பக்கவாட்டிலும் நடு முதுகிலும் ஒன்றரை அங்குலம் உள்ளே விடச் சொல்லுங்கள், பேன்ட் பின்பக்கத்திலும் அதேபோல. இருபத்து மூன்று வயது உடம்பு முப்பதில் அதே உடம்பாக இருக்காது. தோள் மட்டும் பிரித்துச் சரிசெய்ய வராத இடம், ட்ரையலில் தோள் சரியில்லை என்றால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். ட்ரையலுக்குப் போகும்போது சீருடை ஷூவும் பெல்ட்டும் போட்டுத்தான் போக வேண்டும். சாம் பிரவுன் பெல்ட் என்பது கோட்டுக்கு மேலே கட்டும் அகலமான தோல் பெல்ட். பெல்ட் இல்லாமல் இடுப்பைப் பிடித்துவிட்டால் பிறகு பெல்ட்டுக்குக் கீழே துணி பாவாடை மாதிரி விரியும்.

பட்டன்களை நூலில் தைக்க விடாதீர்கள். துணியில் கண் துளை போட்டு, பட்டனின் வளையத்தை உள்ளே விட்டு, பின்னால் சுருள் வளையம் மாட்டுவதுதான் சரியான முறை. ட்ரை கிளீனிங் அனுப்பும்போது கழற்றிவிடலாம், பாலிஷ் போடும்போது துணியில் கறை படாது. பித்தளை பட்டனா, மங்காத பூச்சுப் போட்ட அலுமினியமா என்றால் பித்தளைதான். பூச்சுப் பட்டன் புதிதில் பளபளவென்று இருக்கும், ஒரு கீறல் விழுந்து உள்ளே சாம்பல் நிறம் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். பித்தளையை எத்தனை தடவை வேண்டுமானாலும் பிராஸோ போட்டு மீட்கலாம். ரைஃபிள் ரெஜிமெண்ட் என்றால் பட்டனும் பேட்ஜும் பெல்ட்டும் கறுப்பு. அதனால் எந்த ரெஜிமெண்ட் என்பது உறுதியான பிறகே பட்டன் வாங்குங்கள்.

சாம் பிரவுன் பெல்ட் பதவியோடு மாறாத பொருள், நல்ல தோலில் எடுத்தால் சர்வீஸ் முழுக்க வரும். இதில்தான் ஏமாற்று வேலையும் அதிகம். தோல்தூளை ஒட்டி மேலே பிளாஸ்டிக் பூச்சு கொடுத்ததைத் தோல் என்றே விற்பார்கள். வெட்டு ஓரத்தைப் பாருங்கள்: அசல் தோலில் நார் நாராகத் தெரியும், ஒட்டியதில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும். கட்டை விரலால் மடக்கினால் அசல் தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்து மறையும், போலியில் கண்ணாடி மாதிரி ஒரு கோடு நிற்கும். கொக்கிகளுக்கு ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். பித்தளை ஒட்டாது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு, முதல் மழைக்காலத்திலேயே துரு கோட்டில் இறங்கும். ஓய்வு பெற்ற அதிகாரி யாராவது பழைய பெல்ட் கொடுத்தால் மறுக்காதீர்கள். வெடிப்பு இல்லாத பழைய தோல் புதிய மலிவு பெல்ட்டைவிட எவ்வளவோ மேல். வளையங்களுக்குப் பக்கத்துத் தையலை மட்டும் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஷூவும் அப்படித்தான். நிறத்தை யூனிட்டில் கேட்டுக்கொண்டு, முனையில் தனித் தோல் வைத்த ஆக்ஸ்போர்டு, தோல் அடிப்பாகத்தோடு ஒரு ஜோடி. பாலிஷே வேண்டாம் என்று சொல்லி விற்கும், பளபளப்புப் பூச்சுப் போட்ட பேட்டன்ட் லெதர் மடிப்பில் வெடித்தால் முடிந்தது. சாதாரணத் தோலில் ஈரப் பஞ்சால் மெல்ல மெல்ல மெழுகு ஏற்றி வரும் பளபளப்பை எப்போதும் புதுப்பிக்கலாம்.

தோள் நட்சத்திரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. லெப்டினன்டுக்குத் தோளுக்கு இரண்டு, இரண்டு வருடத்தில் கேப்டன் ஆனால் மூன்று, ஆறு வருடத்தில் மேஜர் ஆகும்போது நட்சத்திரம் போய்ச் சிங்க முத்திரை, பதின்மூன்றில் லெப்டினன்ட் கர்னல் ஆனால் முத்திரையோடு ஒரு நட்சத்திரம். ஆக இப்போதே ஒரே தயாரிப்பில் ஆறு உலோக நட்சத்திரம் வாங்கிவிட்டால் கேப்டன் வரை பொருந்தும், பிறகும் கை கொடுக்கும். இன்று நான்கு வாங்கி இரண்டு வருடம் கழித்து இரண்டு வாங்கினால் பழசும் புதுசும் நிறம் ஒத்துப்போகாது. ஜரிகையில் தைத்த தோள்பட்டை பார்க்க அழகுதான், வாரணாசிக் கைவேலை உலகத்து ராணுவங்களுக்கெல்லாம் போகிறது. ஆனால் இரண்டு வருடத்தில் மாறப்போகும் பதவிக்கு ஜரிகை வேண்டாம். ஜரிகைக் கம்பி ஈரக்காற்றிலும் சென்ட்டிலும் கறுக்கும், கறுத்ததைத் தேய்த்தால் முலாம் போய்விடும்.

மெஸ் உடையில், அதாவது அதிகாரிகளின் இரவு விருந்துகளுக்கு அணியும் உடையில், இப்போது வாங்கத் தகுந்தது ஒன்றே ஒன்று: நல்ல கறுப்பு டெரிவூல் பேன்ட். கோடை இரவு விருந்துக்கு வெள்ளை மேலுடையோடு அதுதான் போகும், அடிக்கடி தேவைப்படுவதும் அந்த உடைதான். கமர்பந்தின் (இடுப்பில் சுற்றும் துணிப் பட்டை) நிறம், குளிர்கால நீலப் பேட்ரோலின் (கழுத்து மூடிய விருந்துக் கோட்) காலர் பேட்ஜ், பேன்ட் பக்கவாட்டுப் பட்டை எல்லாமே ரெஜிமெண்ட் வழக்கம். முதல் போஸ்டிங் திருவனந்தபுரம் என்றால் பேட்ரோல் பெட்டியில் பூச்சி அரிக்கும், பதான்கோட் என்றால் முதல் டிசம்பரிலேயே தேவைப்படும். ஃபீல்டு ஏரியா என்றால் எதுவுமே வெளியே வராது. அவர் ஷார்ட் சர்வீஸ் என்பதையும் மறக்க வேண்டாம். பத்து வருடம், நீட்டித்தால் மேலும் நான்கு. வெளியே வந்தபின் பேட்ரோலுக்கு வேலை இருக்காது, நல்ல நீல பிளேஸர் இருந்தால் எந்த அலுவலகத்துக்கும் போட்டுப் போகலாம். பேட்ரோலுக்கு ஒதுக்கும் பணத்தில் பிளேஸரைத் தைத்துவிட்டு, ரெஜிமெண்ட் சின்னத்தைப் பிறகு பொருத்திக்கொள்வது நல்லது.

இப்போது வாங்கவே கூடாதவை: லேன்யார்ட் (தோளில் மாட்டும் கயிறு), ஷோல்டர் டைட்டில் (தோளில் வரும் ரெஜிமெண்ட் பெயர்ப் பட்டை), தொப்பி பேட்ஜ், ரெஜிமெண்ட் டை. நிறம், அளவு, எந்தத் தோள் என்பதெல்லாம் யூனிட்டுக்கு யூனிட் மாறும், யூனிட் நிர்வாகத்தைக் கவனிக்கும் அட்ஜுடன்ட் சொல்வதுதான் சட்டம். வாள் வேண்டவே வேண்டாம். அணிவகுப்புக்குத் தேவையானது யூனிட் ஸ்டோரிலிருந்து வரும். கடையில் இருப்பது சுவரில் மாட்டுவதற்கானது.

மெடல் பட்டையை அழகாகச் செய்து தருகிறேன் என்றும் சொல்வார்கள். புது லெப்டினன்டுக்கு அதில் மாட்ட எதுவும் இருக்காது. ஒன்பது வருடச் சேவை மெடல், குறிப்பிட்ட பகுதிகளில் பணிபுரிந்ததற்கான சைன்ய சேவா மெடல் என்று ஒவ்வொன்றாகச் சேரும்போது பட்டையைப் பிரித்து மறுபடி கட்டத்தான் வேண்டும். இப்போது செய்யக்கூடியது ஒன்று: இடது பாக்கெட்டுக்கு மேலே உட்பக்கம் ஒரு துண்டு கேன்வாஸ் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். பின்னால் மெடல் ஏறும்போது எடை துணியை இழுக்காது. ஊசி குத்துவதற்குப் பதில் இரண்டு நூல் கண்ணி போட்டுவிட்டால் கோட்டில் ஓட்டையும் விழாது.

செட்டில் காம்பாட் உடையையும் சேர்த்தால் அதைத் தனியாக விலக்குங்கள். 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தில் அறிமுகமான புதிய டிஜிட்டல் வடிவம் ராணுவத்தின் பெயரில் பதிவானது, வெளிக்கடைகளில் விற்க அனுமதி இல்லை. கேன்டீன் வழியாகவோ யூனிட் வழியாகவோதான் எடுக்க வேண்டும். வெளியே கிடைப்பதில் துணியும் சரியில்லை, வடிவமும் சரியில்லை. வேறு எதை வாங்கினாலும் மகனின் அடையாள அட்டை நகலும் பில்லும் பத்திரமாக இருக்கட்டும். ராணுவத்தில் இல்லாதவர் சிப்பாய் என்று நம்ப வைக்கும் நோக்கத்தில் சீருடை அணிவது குற்றம். அதனால் மிச்சம் மீதியைத் தம்பிக்கு, மாமனுக்கு என்று கொடுத்துவிட வேண்டாம்.

டெய்லரைப் பிடிக்கும் நேரமும் முக்கியம். குடியரசு தினத்துக்கு முந்தைய வாரங்களில் கன்டோன்மென்ட் டெய்லர்களுக்குக் கை ஓயாது, ட்ரையல் ஒன்றோடு முடித்து அனுப்பிவிடுவார்கள். மார்ச் பாஸிங் அவுட் என்றால் துணியை அக்டோபர், நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். மகன் இடையில் லீவில் வரும்போது ஒரு ட்ரையல், கடைசியில் பெல்ட், ஷூவோடு ஒரு ட்ரையல். கோட்டை வாங்கும்போது வெட்டியதில் மிஞ்சிய துணியையும் கேட்டு வாங்கி, பெட்டியில் அதோடேயே மடித்து வையுங்கள். நாளை முழங்கையில் ஓட்டை விழுந்தாலோ பாக்கெட் மூடி கிழிந்தாலோ அதே நிழலில் ஒட்டுப்போட அந்தத் துண்டு தவிர வேறு துணி கிடைக்காது.