விக்கிப்பீடியாவில் திருத்தினால் ஏன் நிற்பதில்லை? நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகள்

தமிழ் விக்கிப்பீடியாவில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரக் கட்டுரைகளைப் பல வருடங்களாகத் தொகுத்து வருகிறேன். திருத்தப் போய் மனம் நொந்தவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள் இங்கே.

பாளையங்கோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியை: தம்பி, ஒரு கட்டுரையில் ஆண்டு தப்பாக இருந்தது. திருத்தினேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் பழையபடி ஆக்கிவிட்டார்கள். யார் இவர்கள்?

டீச்சர், அவர்களும் உங்களைப் போன்ற தன்னார்வலர்கள்தான். 'வரலாற்றைக் காட்டவும்' என்பதை அழுத்தினால் யார் மாற்றினார், என்ன காரணம் எழுதினார் என்று தெரியும். அவர் கண்ணுக்குப் பட்டது இவ்வளவுதான்: புதுப் பெயர், எண் மட்டும் மாறியிருக்கிறது, சான்று இல்லை, என்ன மாற்றினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கம் காலி. விஷமத்துக்கு எண்ணை மாற்றுகிறவர்களும் இப்படியேதான் செய்வார்கள். சரியான ஆண்டைச் சொல்லும் புத்தகத்தைப் பக்க எண்ணோடு சேர்த்துப் போடுங்கள். கோபத்தில் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டாம். 24 மணி நேரத்தில் 3 தடவைக்கு மேல் மீளமைத்தால், அதாவது மற்றவர் மாற்றியதைப் பழையபடி ஆக்கினால், உங்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் தொகுக்கத் தடை விழலாம். கட்டுரையோடு இணைந்த உரையாடல் இடமான பேச்சுப் பக்கத்தில் எழுதுங்கள். அதே சமயம், புதிதாக வந்தவருக்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லாமல் மீளமைப்பது பெரிய தப்பு. நல்ல ஆட்களை இப்படித்தான் இழக்கிறோம்.

தென்காசி: எங்கள் பக்கத்து ஊர்கள் பலவற்றை இன்னும் திருநெல்வேலி மாவட்டம் என்றே போட்டிருக்கிறார்கள்.

தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கியது 2019 நவம்பர் 22. குற்றாலம், சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்குத் தயங்காமல் மாற்றுங்கள். முதல் வரி, தகவல் பெட்டி, கீழே உள்ள பகுப்பு மூன்றையும் பாருங்கள். அம்பாசமுத்திரம் நெல்லையிலேயே இருக்கிறது, அதையும் சேர்த்து மாற்றிவிடாதீர்கள்.

பழைய செய்திகளில் நிதானம் வேண்டும். தூத்துக்குடி பிரிந்தது 1986-ல். அதற்கு முந்தைய நூல்கள், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ள ஆதிச்சநல்லூரைத் திருநெல்வேலி மாவட்டம் என்றுதான் சொல்லும். அந்தக் காலத்துக்கு அது சரி. பாரதியார் 1882-ல் பிறந்தபோது எட்டயபுரம் இருந்தது திருநெல்வேலி மாவட்டத்தில். 'அன்றைய', 'இன்றைய' என்று இரண்டையும் எழுதினால் சண்டை ஓய்ந்துவிடும்.

திருநெல்வேலி டவுன், கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, புதுமைப்பித்தன் நம்ம ஊர்க்காரர். பிறந்த ஊர் திருப்பாதிரிப்புலியூர்னு போட்டிருக்காங்க. மாத்துனா விட மாட்டேங்காங்க.

விடக் கூடாது தம்பி. 1906-ல் அவர் பிறந்தது கடலூரை ஒட்டிய திருப்பாதிரிப்புலியூரில்தான். குடும்பம் நெல்லைக்கு வந்தது பிறகு. நம் இந்துக் கல்லூரியில் படித்தார், நம் பேச்சை எழுத்தில் வாழவைத்தார். அதை விரிவாக எழுதுங்கள், யாரும் அழிக்க மாட்டார்கள்.

ஸ்ரீவைகுண்டம்: நான் தப்பென்று சொல்லும் வரிக்கு ஒரு நாளிதழ்ச் செய்தியைச் சான்றாகக் காட்டுகிறார்கள். அச்சில் வந்ததை எப்படி மறுக்க?

தேதியைப் பாருங்கள். அந்த வரி கட்டுரையில் எப்போது ஏறியது என்பது வரலாற்றில் இருக்கும். வரி முதலிலும், அதே வாசகத்தோடு செய்தி பின்னாலும் வந்திருந்தால், செய்தியாளரே விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அது சான்றாகாது. இரண்டு தேதிகளையும் பேச்சுப் பக்கத்தில் வையுங்கள்.

அம்பை (அம்பாசமுத்திரம்): நிர்வாகியிடம் புகார் சொன்னால் தீருமா?

எது உண்மை என்று தீர்ப்புச் சொல்வது நிர்வாகி வேலை இல்லை. பக்கத்தைப் பூட்டுவது, விதி மீறுபவரைத் தடுப்பது, பக்கத்தை நீக்குவது அவர் வேலை. பேச்சுப் பக்கத்தில் யாரும் பதில் தராவிட்டால் 'ஆலமரத்தடி' என்னும் பொது உரையாடல் பக்கத்தில் கேளுங்கள்.

சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம்: அண்ணாச்சி, எங்க ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா பங்குனியிலன்னு இருக்கு. நடக்கிறது சித்திரையில. ஊரே சாட்சி. ஆனா 'சான்று தேவை'ன்னு ஒட்டிட்டுப் போறாங்க.

உங்கள் வருத்தம் முழுக்க நியாயமானது. 'எனக்குத் தெரியும்' என்பதை விக்கிப்பீடியா ஏற்காது. முகம் தெரியாத இன்னொருவர் சரிபார்க்க ஏதாவது வெளியாகியிருக்க வேண்டும். நான் பிறந்த ஊர் என்று சொல்லி யாரும் எதையும் எழுதிவிடலாம் என்பதால் வந்த விதி இது. ஆனால் நம் கிராமங்களைத்தான் இது அதிகம் அடிக்கிறது. பெரிய கோயில்களுக்குக் கல்வெட்டு அறிக்கை இருக்கிறது, 1917-ல் வந்த திருநெல்வேலி கெஜட்டியர் என்னும் மாவட்ட விவர நூல் இருக்கிறது. சுடலை, இசக்கி போன்ற நாட்டார் தெய்வங்களுக்கு வில்லுப்பாட்டுதான் ஏடு.

இப்போதே ஒன்று செய்யலாம். 'பங்குனி' என்பதற்கும் சான்று இல்லையென்றால், அதைப் பேச்சுப் பக்கத்தில் காட்டி அந்த வரியை நீக்கலாம். தப்பு இருப்பதற்குக் காலியாக இருப்பது மேல். கோயில் படத்தை நீங்களே எடுத்து விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றுங்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களிடமும் வில்லுப்பாட்டுக் கலைஞர்களிடமும் கேட்டுத் தொகுத்து, நாட்டார் வழக்காற்றியல் படிப்பவர்கள் யார் மூலமாவது ஓர் ஆய்விதழில் வரச் செய்யுங்கள். வந்ததும் எனக்கு எழுதுங்கள், கட்டுரையில் சேர்க்கும் வேலையை நான் செய்கிறேன்.