நியூகாசில் வரும் தேவகோட்டைத் தம்பிக்கு: மேலே சூடு, கீழே பனி

தம்பி, நீ கேட்டிருந்த நாலு கேள்வியையும் படித்தேன். ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் படிக்க வருகிறாய். வாடகை எவ்வளவு ஆகும், பகுதிநேர வேலை கிடைக்குமா, ரைஸ் குக்கர் கொண்டு வரலாமா என்பது மூன்று. நாலாவதாக, வட துருவத்துக்கு மேலே வளிமண்டலம் திடீரென்று சூடாகப் போகிறது என்று செய்தியில் பார்த்தேன், அப்படியென்றால் குளிர் குறைவாகத்தானே இருக்கும், கனமான கோட்டு இல்லாமல் சமாளித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நம் பக்கத்துப் பிள்ளை, அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

வாடகையும் வேலையும் இப்போது அங்கே படிக்கிறவர்களிடம் கேள், என் கணக்கு பழசு. குக்கரைக் கொண்டு வா, கரண்ட் ஒன்றுதான், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். நாலாவது கேள்விக்காகத்தான் நான் எழுத உட்கார்ந்தேன், ஏனென்றால் அந்தச் செய்தி நீ நினைப்பதற்கு நேர் எதிரானது. நானும் உன்னைப் போலவே வந்து இறங்கி, பட்டுத் தெரிந்துகொண்டவள்.

2018 பிப்ரவரி முதல் வாரம் போனேன். மதுரையில் வாங்கிய ஜாக்கெட் ஒன்று, அம்மா கொடுத்துவிட்ட கைமுறுக்கும் சீப்புச்சீடையும் ஒரு டின். முதல் இரண்டு வாரம் தாங்கக்கூடிய குளிர்தான். எனக்கு முன்னால் வந்திருந்த நம் ஆட்கள் இரண்டு பேர், இவ்வளவுதான் இங்கே குளிர், காசைக் கோட்டில் போடாதே என்றார்கள். நம்பினேன். அதே நாட்களில், பிப்ரவரி 12ஆம் தேதி வாக்கில், தலைக்கு மேல் முப்பது கிலோமீட்டர் உயரத்தில் எல்லாம் தலைகீழாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். குளிர்காலத்தில் துருவத்துக்கு மேலே, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்கிற வளிமண்டல மேலடுக்கில், மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் மேற்கிலிருந்து கிழக்காகக் காற்று சுற்றிக்கொண்டே இருக்கும். துருவச் சுழல் என்கிறார்கள். பம்பரம் நன்றாகச் சுற்றும்வரை நிமிர்ந்து நிற்கிற மாதிரி, இது வேகமாகச் சுற்றும்வரை கடுங்குளிர் துருவத்தோடு அடைபட்டுக் கிடக்கும். கீழே இமயமலை, ராக்கி மலை மாதிரிப் பெரிய மலைகள் மேல் காற்று மோதுவதாலும், நிலத்துக்கும் கடலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தாலும் பெரிய பெரிய அலைகள் கிளம்பி மேலே ஏறும். சில வருடம் அவை பலமாகப் போய் அந்தச் சுழலை இடித்து வேகத்தைக் குறைத்துவிடும். சுழல் தள்ளாடும், சில சமயம் இரண்டாகவும் பிளக்கும், காற்றின் திசையே கிழக்கிலிருந்து மேற்காக மாறிவிடும். அப்போது துருவத்துக்கு மேலே இருக்கிற காற்று கீழே அமுங்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடும் இல்லையா, அதே போல அமுங்குகிற காற்று சூடாகும். சில நாட்களுக்குள் 50 டிகிரி வரைகூட ஏறும். ஏறினாலும் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழேதான், நமக்கு ஒரு சூடும் வந்து சேராது. 1952இல் பெர்லினில் ரிச்சர்டு ஷெர்ஹாக் என்பவர் பலூனில் கருவி அனுப்பி அளந்தபோது இதை முதன்முதலில் கண்டுபிடித்தார். பத்து வருடத்தில் சுமார் ஆறு முறை நடக்கிறது.

அதன் பாதிப்பு மெதுவாகக் கீழே இறங்க இரண்டு மூன்று வாரம் ஆகும். இறங்கிவிட்டால் பிரிட்டனுக்கு அட்லாண்டிக்கிலிருந்து மிதமான காற்றைக் கொண்டுவரும் ஜெட் காற்றோட்டம் தளர்ந்து தெற்கே நகரும், அந்த இடத்தில் ரஷ்யப் பக்கத்துக் கிழக்குக் காற்று புகுந்துவிடும். 2018இல் அதுதான் வந்தது, பிப்ரவரி கடைசி வாரம். 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று பேர் வைத்தார்கள். வட கடலைக் கடந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, கிழக்குக் கரையில் இருக்கிற எங்கள் ஊரில் பனியாகக் கொட்டியது. 28ஆம் தேதி ஸ்காட்லாந்துக்குச் சிவப்பு எச்சரிக்கை.

அன்று ராத்திரி வீட்டைச் சூடாக்குகிற எங்கள் பாய்லர் களகளவென்று சத்தம் போட்டு நின்றது. வெளியே போகிற பிளாஸ்டிக் குழாயில் கழிவுத் தண்ணீர் உறைந்துவிட்டது, அவ்வளவுதான் விஷயம். கொதிக்காத வெந்நீர் ஒரு ஜக் ஊற்றி, பட்டனை அழுத்தினால் திரும்ப ஓடும். அதை வீட்டுக்காரர் சொல்லவில்லை, நாளைக்கு ஆள் வரும் என்றே மூன்று நாள் ஓட்டினார். இன்றைக்கும் ஆறவில்லை எனக்கு. நாலு பெண்கள் ஒரே அறையில், இருக்கிற சேலை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு படுத்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்தக் குழாய் எங்கே போகிறது என்று பார்த்து வை, தம்பி. கோட்டு நம் ஊரில் வாங்காதே, அங்கே அறக்கட்டளைக் கடைகளில் பழையது நல்லதாகக் கிடைக்கும். ஷூவின் அடி பிடிமானமாக இருக்கட்டும், நடைபாதையில் கண்ணுக்கே தெரியாத ஐஸ் இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் பனி கொட்டும் என்று இல்லை. மூன்றில் ஒரு முறை கீழே பெரிதாக ஒன்றும் தெரியாமலே போகும், இன்னொரு முறை குளிர் வேறு நாட்டின் மேல் போய் விழும். செய்தி வந்தவுடன் ஐரோப்பாவே உறையப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களும் நம் ஆட்கள்தான், ஹீட்டரே போடாமல் குளிர்காலத்தை ஓட்டினேன் என்று பெருமை பேசுகிறவர்களும் நம் ஆட்கள்தான். இரண்டு பேரையும் கேட்காதே. மேலே சூடு என்று செய்தி வந்தால் உனக்கு இரண்டு மூன்று வாரம் அவகாசம் கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள். எனக்கும் அந்த அவகாசம் இருந்தது, சொல்லத்தான் ஆள் இல்லை.

இப்போது லீவில் கானாடுகாத்தான் வந்திருக்கிறேன், முற்றத்து ஓரம் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீடு சூட்டை வெளியே தள்ளக் கட்டியது. உயர்ந்த கூரை, ஆத்தங்குடிக் கல், நடுவில் வானம். இதில் வளர்ந்த எனக்கு, சூட்டை அடைத்து வைக்கிற அந்த ஊர் வீட்டைப் புரிந்துகொள்ள இரண்டு குளிர்காலம் ஆனது. இப்போது அங்கே பக்கத்து வீட்டுப் பாட்டி வாசல் பனியையும் நான்தான் வாருகிறேன்.

பாய்லர் நின்றுபோன அந்த மூன்று நாளில் அப்பத்தா போனில் கேட்டது ஒன்றே ஒன்று: "காத்து எந்தப் பக்கமிருந்து வருது?" கிழக்கிலிருந்து என்றேன். "கொண்டலா, அப்ப மழைதானே" என்றார். அவருடைய மாமனார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர், மூன்று வருடத்துக்கு ஒரு முறை கப்பலில் வருவாராம், வந்ததும் அந்த ஊர்க் காற்றையும் மழையையும்தான் முதலில் சொல்வாராம். நம் ஊரில் கொண்டல் மழை, கோடைக்காற்று மேற்கிலிருந்து வரும் அனல். அங்கே மேற்குக் காற்று வந்தால்தான் மூச்சு விடலாம், கொண்டல் அடித்தால் கதவை அடைக்க வேண்டும். இதை மட்டும் மாற்றிப் படித்துக்கொண்டு வா.

அப்புறம், உப்புக்கண்டமும் நெய்யும் பெட்டியில் வைக்காதே, இறைச்சி, பால் பொருள் எதையும் உள்ளே விடமாட்டார்கள். முறுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு வா.