நச்சரிக்கும் இயங்குதளம்

வணக்கம். புது லேப்டாப்பில் எதைத் தொட்டாலும் 'நிச்சயமாகவா?' என்று கேட்கிறது. கணினி என்னுடையது, கோப்பு என்னுடையது. தப்பு செய்தால் நானே அனுபவித்துவிட்டுப் போகிறேன். பழைய யூனிக்ஸ் இயங்குதளம் இப்படியா நச்சரித்தது? சொன்னதைச் செய்தால் போதாதா?
கே.

அன்புள்ள கே.,

நச்சரிப்பு உண்மைதான். ஆனால் அதைப் பாதுகாப்பு என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். ஓயாமல் 'ஆம்' அழுத்திப் பழகிய விரல் படிப்பதில்லை. விண்டோஸ் விஸ்டாவின் அனுமதிப் பெட்டிகள் அப்படித்தான் வெறுப்பைச் சம்பாதித்தன. 2009இல் வந்த விண்டோஸ் 7 அவற்றைக் குறைத்தது.

2021இல் ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியை நிறுவப் போனார். மென்பொருள் தொகுப்பில் ஏதோ கோளாறு. டெஸ்க்டாப்பே போய்விடும் என்று எச்சரித்த ஏப்ட் என்ற நிறுவல் கருவி, 'ஆம், நான் சொல்வதைச் செய்' என்று முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யச் சொன்னது. செய்தார், போயிற்று. அவர் கேட்டது ஒரு விளையாட்டுச் செயலியை. அதை 'பயனரின் தவறு' என்று எழுதிவைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. தொகுத்தவர்களின் பிழைக்கு அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

பழைய யூனிக்ஸ் நச்சரிக்கவில்லை. ஆர்எம் என்ற அதன் அழிப்புக் கட்டளை அழித்ததைத் திருப்பித் தரவுமில்லை. 1983இல் வந்த ஆப்பிள் லிசாவின் குப்பைத்தொட்டி எனக்கு அதைவிடப் பெரிய சாதனை. தூக்கிப் போட்டதைத் திரும்ப எடுக்க முடியுமென்றால் முன்கூட்டிக் கேள்வி எதற்கு?

மீட்கவே முடியாதவை வேறு கதை. 2016 தொடக்கத்தில், லினக்ஸில் ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள பயனராக, இருந்து எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை, சில கணினிகளின் ஃபர்ம்வேர் மாறிகளையும் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள் சேமித்து வைத்திருக்கும் அமைப்புகள்) சேர்த்து அழித்து, அவை இயங்கவே தொடங்காமல் செய்தது. டிஸ்க்கைத் துடைக்க நினைத்தவர் மதர்போர்டைக் கொல்ல நினைக்கவில்லை. 'நானே அனுபவிக்கிறேன்' என்பதற்கு இங்கே பொருளில்லை. என்ன அனுபவிக்கப்போகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 4.5ஆம் பதிப்பு அந்த மாறிகளில் பெரும்பாலானவற்றைப் பூட்டிவைத்தது. வேண்டுமென்றால் ரூட் தனியாகப் பூட்டைக் கழற்றிவிட்டு அழிக்கலாம். கேள்வியே இல்லை, ஆனால் கைதவறி நடக்காது. எனக்குப் பிடித்த வகை இதுதான்.

மேக்கில் 2015 முதல் ரூட்கூட கணினியின் மூலக்கோப்புகளைத் தொட முடியாது. ஆனாலும் மீட்பு முறையில் கணினியைத் தொடங்கி, உரிமையாளர் அந்தக் காவலை நீக்கிவிடலாம். ஐபோனில் அப்படி ஒரு வழி கிடையாது. காசு கொடுத்து வாங்கியவரிடமே சாவி இல்லை. உங்கள் கோபத்தை அந்தப் பக்கம் திருப்பினால் நானும் கூட வருகிறேன்.