கரண்ட் போன நேரத்தில் லேப்டாப்பில் எதைச் சொருகலாம், எதைப் பிடுங்கலாம்? ரங்கூன் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

ரங்கூனில் இப்போது கரண்ட் இருக்கிற நேரத்தைப் பார்த்துத்தான் சமையல், படிப்பு, வேலை எல்லாம் நடக்கிறது. லேப்டாப் பழுது பார்ப்பது என் தொழில். "பேட்டரி நிக்கவே மாட்டேங்குது, புதுசு போடுங்க" என்று வருகிறவர்கள் பலருடைய லேப்டாப்பில் பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. பக்கவாட்டில் சொருகி வைத்திருக்கும் சாமான்களைக் கழற்றினாலே நேரம் கூடிவிடும். அதையொட்டி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. லேப்டாப் பேட்டரியின் மேல் வாட் அவர் என்று ஓர் எண் போட்டிருக்கும். சாதாரண லேப்டாப்பில் அது 40 முதல் 60 வரை இருக்கும். மில்லி ஆம்பியர் அவர் மட்டும் போட்டிருந்தால் வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 3500 மில்லி ஆம்பியர் அவர், 14.4 வோல்ட் என்றால் ஏறக்குறைய 50 வாட் அவர். அந்த எண்ணை, லேப்டாப் இழுக்கும் வாட்டால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்று தெரிந்துவிடும். கீழே வரும் பதில்களில் எல்லாம் 50 வாட் அவர் பேட்டரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

தாம்வே, கல்லூரி மாணவி: அண்ணே, கரண்ட் போனதும் லேப்டாப்பில்தான் போனுக்குச் சார்ஜ் போடுவேன். யூ.எஸ்.பி. விளக்கும் அதில்தான் எரியும். முன்னே ஆறு மணி நேரம் வந்தது, இப்போ மூணு மணி நேரம்தான் வருது. பேட்டரி மாத்தணுமா?

மாத்த வேண்டாம் தங்கச்சி, முதலில் கணக்குப் பார்ப்போம். வெளிச்சத்தை நடுவாக வைத்து எழுத்து வேலை மட்டும் செய்தால் லேப்டாப் சுமார் 8 வாட் இழுக்கும். 50-ஐ 8-ஆல் வகுத்தால் ஆறு மணி நேரத்துக்கு மேல் வருகிறது. நீங்கள் முன்னே பார்த்த கணக்கு இதுதான்.

இப்போது போனைச் சொருகுகிறீர்கள். 5000 மில்லி ஆம்பியர் பேட்டரி உள்ள போன் என்றால் அதற்குள் 19 வாட் அவர் நிரம்ப வேண்டும். வழியில் சூடாகப் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால், காலியான போனை நிரப்ப லேப்டாப்பிலிருந்து 23 வாட் அவர் அளவுக்குப் போய்விடும். அதாவது உங்கள் பேட்டரியில் கிட்டத்தட்ட பாதி. மிச்சம் 27. விளக்கு ஒரு வாட் இழுக்கும், லேப்டாப் 8 வாட், ஆக 9 வாட். 27-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக மூன்று மணி நேரம்.

கரண்ட் இருக்கும்போதே போனைச் சுவரில் சொருகி நிரப்பிவிடுங்கள். 10,000 மில்லி ஆம்பியர் பவர் பேங்க் ஒன்று வாங்கினால் போனை ஒரு தடவை முழுதாக நிரப்பலாம், விளக்குக்கும் கொஞ்சம் மிஞ்சும். புது லேப்டாப் பேட்டரியைவிட அது மலிவு. அப்படியும் மூன்று மணி நேரத்தில் நின்றுபோனால் மட்டும் பேட்டரியைச் சோதிக்கலாம். விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற கட்டளை அடிக்கும் திரையைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து அடியுங்கள். எல்லாம் ஆங்கில எழுத்தில், இப்படி: powercfg /batteryreport. ஓர் அறிக்கை உருவாகும். அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும், இப்போது முழுதாக நிரம்பும் கொள்ளளவும் அடுத்தடுத்து இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதியாக இறங்கியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

தன்லின், கடைக் கணக்கு எழுதுபவர்: ஒயர்லெஸ் மவுஸோட குட்டி டாங்கிள் எப்பவும் சொருகியே இருக்கு. அதுவும் தின்னுமா?

மிகக் குறைவு. அதைப் பிடுங்கி வைத்துத் தொலைத்துவிடாதீர்கள், இருக்கட்டும். வண்ண விளக்கு எரியும் கேமிங் மவுஸும் கீபோர்டும்தான் கவனிக்க வேண்டியவை. அந்த விளக்குகளே ஒன்றிரண்டு வாட் இழுக்கும். அத்தோடு சாதாரண மவுஸை லேப்டாப் "அசைந்தாயா?" என்று நொடிக்கு 125 தடவை விசாரிக்கும் என்றால், கேமிங் மவுஸை 1000 தடவை விசாரிக்கும். கணக்கு எழுத அதெல்லாம் தேவையே இல்லை.

ரங்கூன், கோயில் திருவிழா படம் எடுப்பவர்: தீமிதி படங்களை எல்லாம் வெளி ஹார்டுடிஸ்கில் வைத்துத்தான் எடிட் பண்ணுவேன். கேமரா கார்டும் லேப்டாப்பிலேயே இருக்கும். ஒன்றும் செய்யாமல் சும்மா வைத்தாலும் சார்ஜ் இறங்குகிறது. ஹார்டுடிஸ்க் அவ்வளவா இழுக்கும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இது புரிந்துவிட்டால் மற்றது எல்லாம் புரிந்த மாதிரி.

சொருகும் சாமானால் இரண்டு விதத்தில் செலவு வருகிறது. ஒன்று, அது நேராக இழுக்கும் மின்சாரம். பழைய யூ.எஸ்.பி. 2 துளை கொடுப்பது அதிகபட்சம் 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். யூ.எஸ்.பி. 3 துளையில் நாலரை வாட். டைப்-சி துளை சில லேப்டாப்புகளில் 15 வாட் வரைக்கும் கொடுக்கும். உங்கள் ஹார்டுடிஸ்கில் தட்டு சுழல்கிறது. சுழலத் தொடங்கும் அந்தச் சில நொடியில் நிறைய இழுக்கும், அப்புறம் படிக்கும்போதும் எழுதும்போதும் இரண்டு வாட்டுக்கு மேல், சும்மா சுழன்றால் ஒரு வாட் அளவுக்கு இழுக்கும். எட்டு வாட்டில் ஓடும் லேப்டாப்புக்கு அதுவே பெரிய சேர்க்கை.

இரண்டாவது செலவு கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் கை வைக்காமல் இருக்கும்போது லேப்டாப்பின் பிராசசர் நொடிக்குப் பல தடவை குட்டித் தூக்கம் போட்டு எழும். எவ்வளவு ஆழமாகத் தூங்குகிறதோ அவ்வளவு மிச்சம். பக்கத்தில் ஒரு கைக்குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தால் தாய் எப்படி அசந்து தூங்க முடியாதோ, அப்படித்தான் யூ.எஸ்.பி.யில் விழித்திருக்கும் ஒரு சாமான் பிராசசரை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போக விடுவதில்லை. சாமான் இழுப்பது அரை வாட்தான் என்றாலும், அதனால் லேப்டாப் கூடுதலாகச் செலவழிப்பது அதைத் தாண்டிவிடலாம். அதனால்தான் சும்மா வைத்திருந்தாலும் உங்களுக்குச் சார்ஜ் இறங்குகிறது. கேமரா கார்டும் அப்படித்தான். பல லேப்டாப்புகளில் கார்டு துளை உள்ளுக்குள் யூ.எஸ்.பி.யில்தான் இணைந்திருக்கிறது. கார்டு உள்ளே இருக்கும்வரை அந்தப் பகுதி விழித்திருக்கும்.

எது விழித்திருக்கிறது என்று விண்டோஸிடமே கேட்கலாம். கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மேலே சொன்ன அதே கட்டளையில் பேட்டரிரிப்போர்ட்டுக்குப் பதிலாக எனர்ஜி (energy) என்று அடியுங்கள். 60 நொடி கவனித்துவிட்டு அறிக்கை தரும். சஸ்பெண்ட் ஆகாத, அதாவது தூங்கப் போகாத யூ.எஸ்.பி. சாமான்களின் பெயர் அதில் வரிசையாக இருக்கும். லினக்ஸ்காரர்களுக்கு இதே வேலைக்குப் பவர்டாப் என்ற புரோகிராம் இருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: அன்றைக்கு எடிட் செய்யப்போகும் படங்களைக் கரண்ட் இருக்கும்போதே உள் டிஸ்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வெளி டிஸ்கை எஜெக்ட் செய்து, கேபிளையும் உருவிவிடுங்கள். எஜெக்ட் மட்டும் செய்தால் துளையில் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். வேலை முடிந்து கரண்ட் வந்ததும் திரும்ப ஏற்றலாம்.

கோயில் தமிழ் வகுப்பு ஆசிரியை: புரொஜெக்டருக்கு ஜெனரேட்டரிலிருந்து கரண்ட் வருகிறது தம்பி. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடும். எச்.டி.எம்.ஐ. கேபிள் மாட்டினால் ஏன் வேகமாக இறங்குகிறது?

அக்கா, புரொஜெக்டர் உங்கள் லேப்டாப்பிலிருந்து விளக்குக்கு எதுவும் எடுப்பதில்லை. ஆனால் லேப்டாப் இரண்டு திரைக்குப் படம் வரைய வேண்டியிருக்கிறது. தனி கிராபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப் என்றால் இன்னும் மோசம். அந்த வகையில் பலவற்றில் எச்.டி.எம்.ஐ. துளை நேராக அந்தச் சிப்போடு சேர்ந்திருக்கும். கேபிள் இருக்கும்வரை சிப் தூங்காது, பல வாட் சேர்ந்து போகும். வகுப்பு முடிந்ததும் கேபிளைக் கழற்றாமல் புரொஜெக்டரை மட்டும் அணைத்தால் சில லேப்டாப்புகள் இதைக் கவனிப்பதே இல்லை, கேபிளையே எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். விண்டோஸ் சாவியையும் ஆங்கில பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி, இரண்டாவது திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுத்தால் லேப்டாப்பின் சொந்தத் திரை அணையும். திரை வெளிச்சமே இரண்டு மூன்று வாட். பிள்ளைகள் பார்ப்பது சுவரைத்தானே. ஜெனரேட்டர் பக்கத்திலேயே இருப்பதால் லேப்டாப் சார்ஜரையும் அதில் மாட்டிவிட்டால் இன்னும் நல்லது.

கமாயுட் வாசகர்: ஒரு துளையைப் பல துளையாக்கும் டைப்-சி ஹப் ஒன்று வாங்கினேன். அதில் ஒன்றுமே சொருகாவிட்டாலும் சுடுகிறது.

அந்தச் சூடு உங்கள் பேட்டரியிலிருந்து வருகிறது. எச்.டி.எம்.ஐ., நெட்வொர்க் கேபிள் துளை எல்லாம் உள்ள ஹப்பில் தனித்தனி சிப்புகள் இருக்கும், சும்மா இருந்தாலும் ஒரு வாட், அதற்கு மேலும் இழுக்கலாம். தேவைப்படும்போது மட்டும் மாட்டுங்கள்.

மௌல்மீன் வாசகர்: லேப்டாப்புக்கு அடியில் வைக்கும் ஃபேன் நல்லதா?

சார்ஜர் மாட்டியிருக்கும்போது நல்லது. பேட்டரியில் ஓடும்போது இரண்டு வாட் வரை அதற்கே போய்விடும், அதைவிட லேப்டாப்பின் பின் முனையை ஒரு புத்தகத்தின் மேல் ஏற்றி வைத்தால் காற்று தானே போகும். மெத்தை மேல் மட்டும் வைக்காதீர்கள்.

பெகு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்: கரண்ட் போனால் வைஃபையும் போகிறது. போன் நெட்டைக் கேபிள் போட்டு எடுப்பது நல்லதா, ஹாட்ஸ்பாட் நல்லதா, 4ஜி டாங்கிள் நல்லதா?

லேப்டாப் நேரம்தான் முக்கியம் என்றால் ஹாட்ஸ்பாட். கேபிள் போட்டால் நெட் வரும் வழியிலேயே போனும் லேப்டாப்பிலிருந்து சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கேயும் வந்துவிடும். 4ஜி டாங்கிள் சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் பரவாயில்லை. சிக்னல் குறைந்த இடத்தில் கோபுரத்தை எட்டப் பலமாக அனுப்ப வேண்டியிருப்பதால் இரண்டு வாட்டுக்கு மேலும் போகும். ஹாட்ஸ்பாட்டில் போன் சூடாகும், சீக்கிரம் இறங்கும். போனைப் பவர் பேங்கில் மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரம் வைத்தால் இரண்டும் தாங்கும்.

பெயர் போடாத ஒருவர்: ராத்திரி ஸ்லீப்பில் மூடி வைத்தேன், காலையில் பாதி காலி.

மவுஸ் சொருகியிருந்ததா? மேசை ஆடினாலே மவுஸ் லேப்டாப்பை எழுப்பிவிடும். டிவைஸ் மேனேஜரில் மவுஸைத் திறந்து, கம்ப்யூட்டரை எழுப்ப அனுமதி என்ற குறியை எடுத்துவிடுங்கள். பேட்டரி படமோ மின்னல் படமோ போட்ட துளை இருந்தால், மூடியிருந்தாலும் அதில் மின்சாரம் வரலாம், அதில் எதையும் விட்டு வைக்காதீர்கள். ராத்திரி முழுக்க லேப்டாப் தேவையில்லை என்றால், திறந்திருக்கும் வேலையை டிஸ்கில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட் போடுவதே நல்லது.

மொகல் தெரு, வயதான வாசகர்: எப்பவும் சார்ஜரிலேயே வைத்தால் பேட்டரி கெடும், 80 சதவீதத்தில் நிறுத்து என்கிறான் பேரன். கரண்ட் வேறு சில நேரம் மங்கலாக வருகிறது. ஸ்டெபிலைசர் வேணுமா?

ஐயா, பேரன் சொல்வது பொதுவாக உண்மை. லித்தியம் பேட்டரியை முழுதாக நிரப்பியே வைத்திருப்பதும், சூட்டில் வைத்திருப்பதும் அதன் ஆயுளைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் வேகமாகக் கெடும். ஆனால் தினமும் மணிக்கணக்கில் கரண்ட் போகிற ஊரில் 80-இல் நிறுத்தினால், தேவைப்படும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறீர்கள். மின்வெட்டில் லேப்டாப்பை நம்பி இருப்பவர் 100 வரை நிரப்பட்டும், அதுதான் என் கருத்து. உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்து, லேப்டாப் எந்நேரமும் மேசையில் சார்ஜரோடு இருந்தால் 80 போதும். எப்படியிருந்தாலும் ஏப்ரல் வெயிலில் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள்.

மங்கலான கரண்டுக்கு லேப்டாப்பைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சார்ஜரின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று போட்டிருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். 160 வோல்ட் வந்தாலும் அது சமாளிக்கும். ஆபத்து, கரண்ட் திரும்பி வரும் நொடியில் ஏறும் வோல்டேஜில்தான். கரண்ட் போனதும் சார்ஜரைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, வந்த பிறகு ஐந்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள்.

தட்டோன், சோலார் வைத்திருப்பவர்: 12 வோல்ட் பேட்டரியிலிருந்து சின்ன இன்வர்ட்டர் வழியாக லேப்டாப் சார்ஜர் போடுகிறேன். வேறு வழி இருக்கிறதா?

உங்கள் லேப்டாப் டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகுமென்றால் இருக்கிறது. இப்போது நீங்கள் 12 வோல்ட்டை 230-க்கு ஏற்றி, சார்ஜர் அதைத் திரும்ப 20-க்கு இறக்குகிறது. இரண்டு இடத்திலும் நஷ்டம், போதாததற்கு இன்வர்ட்டர் சும்மா இருந்தாலே சில வாட் தின்னும். அதற்குப் பதிலாகக் காருக்கு விற்கும் 65 வாட் பி.டி. (பவர் டெலிவரி) டைப்-சி சார்ஜரை நேராக 12 வோல்ட்டில் இணையுங்கள். போன், விளக்கு, ஹப் எதையும் லேப்டாப்பில் தொங்கவிடாமல் அதே பேட்டரியிலிருந்து தனி யூ.எஸ்.பி. துளை கொடுத்துவிடலாம்.

20 ஆம்பியர் அவர் ஈய பேட்டரி என்றால் 240 வாட் அவர். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 120 என்று வையுங்கள். 50 வாட் அவர் லேப்டாப்பை இரண்டு தடவை நிரப்பலாம். எதுவும் இழுக்காமல் ஓய்வில் இருக்கும்போது 12.2 வோல்ட் காட்டினால் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம், அதோடு நிறுத்துங்கள். 65 வாட்டுக்கு ஆறு ஆம்பியர் போல ஓடும், எனவே மெல்லிய ஒயர் போடாதீர்கள். பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்றைப் போட்டுவிட்டு, அப்புறம் இணைப்பைக் கொடுங்கள்.