கணினி கேள்வி–பதில்: விண்டோஸ் நிறுவும்போது வரும் வன்பொருள் பிழைகள்

கேள்வி: என் மேசைக் கணினியில் ஏற்கெனவே இருந்த 8 ஜிபி ரேமுடன் புதிதாக இன்னொரு 8 ஜிபி ரேமைச் சேர்த்தேன். பிறகு பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 11 நிறுவ முயன்றபோது, ஒருமுறை 23 சதவீதத்திலும் மறுமுறை 61 சதவீதத்திலும் நின்று, கோப்பு சிதைந்திருப்பதாக 80070570 என்று முடியும் பிழை எண் வருகிறது. எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகம் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் கடைக்காரர். மாற்றிவிடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பிழை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பென்டிரைவில் உள்ள கோப்பு உண்மையிலேயே சிதைந்திருந்தால், பணி பெரும்பாலும் ஒரே கட்டத்தில்தான் தடைபடும். இடம் மாறி மாறி நிற்கும்போது முதலில் ஐயப்பட வேண்டியது ரேமை. அதிலும் புதிதாகச் சேர்த்ததை.

விண்டோஸின் பெரும்பகுதி பென்டிரைவில் ஒரே பெரிய கோப்பாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கிறது. நிறுவும் நிரல் அதைப் பகுதி பகுதியாக ரேமுக்குக் கொண்டுவந்து, விரித்து, சரிபார்த்து, அதன் பிறகே எஸ்.எஸ்.டி.யில் எழுதுகிறது. இடையில் ரேமில் ஒரே ஒரு பிட் மாறிப் பதிவானாலும் சரிபார்ப்பு தவறிவிடும். கோப்பில் குறையே இல்லாவிட்டாலும் 'சிதைந்த கோப்பு' என்ற செய்திதான் திரைக்கு வரும். அதே கோளாறு அன்றாடப் பயன்பாட்டில் ஒரு படத்தின் புள்ளியில் நிறத்தை மாற்றுவதோடு நின்றுவிடலாம் என்பதால், இதுவரை கணினி நன்றாகத்தானே ஓடியது என்ற வாதம் இங்கே எடுபடாது.

மின்னிணைப்பைத் துண்டித்து, புதிய ரேமைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து நிறுவிப் பாருங்கள். கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள பயாஸ் திரையில், ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓடவைக்கும் எக்ஸ்.எம்.பி. இயக்கப்பட்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். தனித்தனியாக ஒழுங்காக வேலை செய்யும் இரு ரேம்கள், சேர்ந்து அந்த வேகத்தில் ஓடும்போது தடுமாறுவது உண்டு. நிறுவல் முடிந்துவிட்டால், பழையது இருந்த அதே ஸ்லாட்டில் புதிய ரேமைத் தனியாகப் பொருத்தி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலை ஓர் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். எக்ஸ்.எம்.பி. நிறுத்தப்பட்ட நிலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், உத்தரவாதத்தைப் பயன்படுத்தி அந்த ரேமை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். மாற்றுவதற்கு முன் அதையே இன்னொரு ஸ்லாட்டிலும் சோதித்துப் பாருங்கள்; ஒன்றில் பிழை வந்து, மற்றொன்றில் வராவிட்டால் குறை மதர்போர்டில் இருக்கக்கூடும்.

ரேம் தேறிவிட்டால், வேறொரு பென்டிரைவில் நிறுவல் கோப்பைப் புதிதாக ஏற்றி, கணினியின் பின்பக்க யூ.எஸ்.பி. துளையில் செருகி முயலுங்கள். அதற்கும் பின்னரே எஸ்.எஸ்.டி.யின் முறை வருகிறது. எஸ்.எஸ்.டி. தன் நிலையைத் தானே பதிவுசெய்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைக் காட்டுமாறு கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதைப் பார்க்காமலே மாற்றச் சொல்வது ஊகம்தான்.

கேள்வி: இன்டெல் 11ஆம் தலைமுறைச் செயலி உள்ள மடிக்கணினியில் விண்டோஸை மீண்டும் நிறுவ முயன்றால், டிரைவ் எதுவும் இல்லை என்கிறது. பயாஸில் மட்டும் எஸ்.எஸ்.டி. தெரிகிறது. ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: எஸ்.எஸ்.டி. நன்றாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தத் தலைமுறை முதல் பல மடிக்கணினிகளில் எஸ்.எஸ்.டி., வி.எம்.டி. என்னும் இன்டெல் கட்டுப்பாட்டு அமைப்பின் வழியாக இணைக்கப்படுகிறது. அந்த அமைப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர், விண்டோஸ் நிறுவல் கோப்பில் இல்லாதபோது நிறுவும் நிரலால் எஸ்.எஸ்.டி.யைக் காண முடியாது. மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து 'இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ்' டிரைவரைப் பதிவிறக்கி, பிரித்தெடுத்த கோப்புறையாகப் பென்டிரைவில் வைத்து, நிறுவும் திரையில் 'லோட் டிரைவர்' வழியாகக் காட்டுங்கள். பதிவிறக்கிய டிரைவர் கோப்பைப் பிரிக்காமல் அப்படியே வைத்தால் வேலைக்காகாது.

பயாஸில் வி.எம்.டி.யையே நிறுத்திவிடுவதும் ஒரு வழி. ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதன் பிறகு தொடங்காமல் போகலாம் என்பதால், பழைய கோப்புகள் தேவைப்படுவோர் அதில் கை வைக்க வேண்டாம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், எஸ்.எஸ்.டி.யில் உள்ளவற்றைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் மீட்புக் குறியீட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.