மனேஜர் இல்லாத நேரத்தில் நகை அடகு: நேர்முகத்தில் என்ன சொல்வது?

தங்கச்சி, ஆஸ்பத்திரி வீதி வங்கி நேர்முகத்தில், "அடையாள அட்டை இல்லாமல் ஓர் அம்மா சங்கிலி அடகு வைக்க வந்தால், மனேஜரும் இல்லாவிட்டால்?" என்று கேட்டதற்கு, "மனேஜர் வரும்வரை காத்திருப்பேன்" என்றீர்களாம். பிழையான பதில் இல்லை, ஆனால் உங்கள் யோசனை அதில் தெரியவில்லை.

வாடிக்கையாளரை அடையாளம் காண்பது இலங்கையின் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி கட்டாயம். அதில் வளையக் கூடாது. அதற்காக அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பிவிடவும் வேண்டாம், மருந்துச் செலவுக்கு வந்தவராக இருக்கலாம். முதலில் கதிரையில் இருத்துங்கள். கடவுச்சீட்டு இருக்கிறதா, வீட்டில் யாராவது அட்டையைக் கொண்டுவருவார்களா என்று கேளுங்கள். அப்புறம் மனேஜருக்குப் போன் எடுங்கள். அடுத்தமுறை இந்த வரிசையைக் காரணத்தோடு சொல்லுங்கள். நேர்முகம் நடத்துபவர்கள் கேட்க விரும்புவது அந்தக் காரணத்தைத்தான்.