டாலர் ஏறியும் கையில் காசு நிற்கவில்லையே, ஏன்?

கேள்வி: பெருமாநல்லூரில் பனியன் ஏற்றுமதி செய்கிறேன். டாலர் 84 ரூபாய் இருக்கும்போது விலை சொன்னேன். சரக்கு அனுப்பும் முன் 85 ஆனது. அதைக் காட்டி பையர் 1 சதவீதம் குறைக்கச் சொன்னார், குறைத்தேன். லாபம் கூடவே இல்லை. பின்னால் வரப்போகும் டாலருக்கு இப்போதே வங்கியிடம் ரேட் பேசி வைக்கும் ஃபார்வர்டு ஒப்பந்தம் போடச் சொல்கிறார் ஆடிட்டர். போடலாமா?

பதில்: போடுங்கள், ஆனால் முழுத்தொகைக்கும் வேண்டாம். அதற்கு முன் அந்த 1 சதவீதத்தைப் பார்த்துவிடுவோம்.

1 லட்சம் டாலர் ஆர்டர், 84-இல் 84 லட்சம். செலவு 80 லட்சம் என்று வையுங்கள், மிச்சம் 4 லட்சம். செலவில் 15 லட்சம் ஸ்பான்டெக்ஸ், ஜிப், சாயப்பொருள் என்று டாலரோடு ஏறி இறங்குவது. டாலர் ஒரு ரூபாய் ஏறினால் வரவு 1 லட்சம் கூடும், செலவு சுமார் 18,000 கூடும். ஆக 82,000 ரூபாய் கூடுதல் லாபம். பையருக்கு விட்டுக்கொடுத்த 1,000 டாலர் எவ்வளவு? 85,000. கணக்குப்படி 3,000 ரூபாய் கைநஷ்டம்! நூல் விலையும் உலகப் பருத்தி விலையைத் தொட்டே ஏறும் என்பதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

டாலர் இறங்கினாலும் இதே கணக்குதான். ஒரு ரூபாய் இறங்கினால் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 2007-இல் 44 ரூபாய்க்கு மேல் இருந்த டாலர் ஆண்டு முடிவதற்குள் 40-க்குக் கீழே வந்ததே, அப்போது திருப்பூர் பட்ட பாடு உங்களுக்கும் நினைவிருக்கும். நிட்டிங், டையிங், காம்பேக்டிங், தையல் என்று எல்லாம் தனித்தனி ஜாப் ஒர்க்காகப் பிரிந்து கிடக்கும் ஊர் இது. ஏற்றுமதியாளருக்கு விழும் அடி கூலி பேரத்தில் கீழே இறங்கிக்கொண்டே போகும். சொந்த நூல்மில், சொந்த சாயப்பட்டறை வைத்திருப்பவர் தாக்குப்பிடிப்பார், சின்ன பட்டறைக்காரர்தான் முதலில் திணறுவார். கோவைப் பக்கம் உள்ளூர் விற்பனைக்கு மோட்டார் செய்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார். தாமிர விலை டாலரில் நடப்பதால் டாலர் ஏறினால் அவருக்குச் செலவுதான்.

சரி, ஃபார்வர்டு. நம் ஊர் வட்டி அமெரிக்க வட்டியைவிட அதிகமாக இருக்கும்வரை, வங்கி தரும் ஃபார்வர்டு விலை அன்றைய விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். உறுதியான ஆர்டரில் பாதி அல்லது அறுபது சதவீதத்துக்கு, அதுவும் விலை ஒத்துக்கொண்ட அன்றே போடுங்கள். முழுக்கப் போட்டுவிட்டு ஆர்டர் ரத்தானால், அந்த நேரம் டாலர் ஏறியிருந்தால், வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

பேக்கிங் கிரெடிட்டை (ஆர்டரைக் காட்டி சரக்கு தயாரிக்க வங்கியில் வாங்கும் கடன்) டாலரிலேயே எடுத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அப்படி எடுத்த டாலரை அன்றே ரூபாயாக மாற்றியிருப்பீர்கள், பையர் தரும் டாலர் அந்தக் கடனை அடைக்கப் போய்விடும். ஆக அந்தத் தொகைக்கு, கடன் வாங்கிய அன்றே ரேட் முடிவாகிவிட்டது. அதற்கு மேல் ஃபார்வர்டு போட்டால் ஒரே டாலரை இரண்டு தடவை விற்றதாக ஆகும். இதைக் கவனிக்காமல் விடுபவர்கள் அதிகம்.

'செலவே இல்லாமல் நல்ல ரேட்' என்று யாராவது ஆப்ஷன் கட்டு (டாலர் விலை மீது பல நிபந்தனைகளைச் சேர்த்துக் கட்டிய ஒப்பந்தம்) கொண்டுவந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத சுவிஸ் ஃபிராங்க், யென் விலை மீது இதுபோன்ற டெரிவேட்டிவ் ஒப்பந்தங்கள் போட்டு 2008 வாக்கில் இங்கே பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

அடுத்த முறை பையர் டாலரைக் காட்டிக் குறைக்கக் கேட்டால், "இறங்கும்போது ஏற்றித் தருவீர்களா?" என்று மெயிலில் ஒரு வரி கேளுங்கள். தரமாட்டார், ஆனால் பேச்சு அரை சதவீதத்தில் முடிய வாய்ப்பு உண்டு.